எந்த ரேமைப் போட்டாலும் ஏ-சேனலில் மட்டும் எரர்: போர்டா, பிராசசரா?

கோவை_கேமர்:

வணக்கம் நண்பர்களே. 2022 கடைசியில் அசெம்பிள் செய்த கேமிங் பிசி. இன்டெல் ஐ5-12400எஃப், பி660 சிப்செட் உள்ள நான்கு ஸ்லாட் போர்டு, டிடிஆர்4 3600 சிஎல்18 ரேம் 8 ஜிபி இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் தரவில்லை.

போன கோடையில் பிராசசரோடு வந்த சின்னக் கூலரின் சத்தம் தாங்க முடியாமல், கடையில் கொடுத்து டவர் கூலர் மாட்டி வாங்கி வந்தேன். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் ஆரம்பித்தது. முதலில் கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்து நிற்கும். பிறகு நீலத்திரை. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காட்டும், இன்னொரு நாள் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’. பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) வருகிறது, அதே ஃபைலை மறுபடி பிரித்தால் ஒழுங்காக வருகிறது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டிப் பார்த்தேன், திரை முழுக்கச் சிவப்பு வரிகள். சரி, ரேம்தான் என்று வாரண்டியில் மாற்றினேன். புது ஜோடியிலும் அதே கதை. இப்போது இரண்டையும் போட்டால் பல நேரம் பூட்டே ஆவதில்லை, போர்டில் டி-ரேம் என்று எழுதிய விளக்கு எரிந்தபடி நின்றுவிடுகிறது. ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணினால் நான்காவது ஸ்லாட்டில் போட்டால் அருமையாக ஓடுகிறது. எந்த ரேமைப் போட்டாலும் அப்படித்தான். அதையே எடுத்து ஏ-சேனலில் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே உள்ள இரண்டு பாதைகளில் ஒன்று) இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் விளக்கு எரிகிறது, தப்பித்தவறி பூட் ஆனால் எரர்.

கடையில் “சிப்செட் போயிடுச்சு, போர்டு மாத்தணும், 9,500 ஆகும்” என்கிறார்கள். பணம் கட்டி மாற்றிய பிறகு பிராசசர்தான் கோளாறு என்றால் என்ன செய்வது? மாற்றிப் போட்டுப் பார்க்க என்னிடம் வேறு போர்டும் இல்லை, வேறு பிராசசரும் இல்லை. வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

டைமிங்_தம்பி:

ப்ரோ, எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்து வைத்திருக்கிறீர்களா? 12400எஃப்-க்கு இன்டெல் சொல்லும் டிடிஆர்4 வேகம் 3200 வரைதான். 3600 என்பது ஓவர்கிளாக், அதாவது சொன்னதைவிட வேகமாக ஓட்டுவது. அதிலும் கே இல்லாத 12-ஆம் தலைமுறை பிராசசர்களில் எஸ்ஏ (சிஸ்டம் ஏஜென்ட்) வோல்டேஜ் பூட்டப்பட்டிருக்கும், ஏற்ற முடியாது. பிராசசருக்குள் இருந்து ரேமோடு பேசும் மெமரி கண்ட்ரோலர் அந்த வோல்டேஜில்தான் ஓடுகிறது. கியர் 1 என்றால் கண்ட்ரோலர் ரேமின் கடிகார வேகத்திலேயே ஓடும், கியர் 2 என்றால் அதில் பாதி வேகத்தில்; ஆக, கியர் 1-இல் 3600 என்றால் கண்ட்ரோலரும் 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடியாக வேண்டும். சில பிராசசர் தாங்கும், சில தாங்காது. 3200-க்கு இறக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் 3600-ஐ வைத்துக்கொண்டு கியர் 2 போடுங்கள்.

வயரிங்_நெல்லை:

கேபினட்டைத் தொட்டால் கையில் சுருசுரு என்று இருக்கிறதா? எர்த் இல்லாத பிளக் பாயின்டில் மாட்டினால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக மெயின் வோல்டேஜில் பாதியளவு பாடிக்கு வந்து நிற்கும். கரன்ட் ரொம்பக் குறைவுதான், ஆனாலும் கையில் தெரியும். முதலில் எர்த்தைச் சரிபார்த்துவிட்டு, முடிந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் நீலத்திரைப் பிரச்சினை பலதும் பவரில்தான் போய் முடியும்.

கோவை_கேமர்:

இருவருக்கும் நன்றி. எக்ஸ்எம்பியை எப்போதோ ஆஃப் செய்துவிட்டேன். இப்போது 2666-இல்தான் ஓடுகிறது, அப்போதும் இரண்டாவது ஸ்லாட்டில் எரர் வருகிறது. எர்த் சரியாக இருக்கிறது, எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தாயிற்று. ஷாக் எதுவும் இல்லை.

மதுரை_போர்டு_சர்வீஸ்:

தம்பி, போர்டுக்குப் பணம் கட்டும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்கு மதுரையில் போர்டு சர்வீஸ்தான் தொழில். நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் நீளமாக எழுதுகிறேன்.

பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். எந்த ரேமும் நான்காவது ஸ்லாட்டில் ஓடுகிறது, எந்த ரேமும் இரண்டாவதில் ஓடவில்லை. ஆக, ரேம் மேல் குற்றம் இல்லை. பழைய ஜோடியே நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ‘சிப்செட் போயிடுச்சு’ என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் போர்டில் சிப்செட்டுக்கும் ரேமுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு காலத்தில் மெமரி கண்ட்ரோலர் போர்டில் நார்த்பிரிட்ஜ் என்ற சிப்புக்குள் இருந்தது. ஏஎம்டி அதை 2003-இலேயே அத்லான் 64-க்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் கொண்டுபோனது. அன்று முதல் ரேம் ஸ்லாட்டிலிருந்து கிளம்பும் டேட்டா ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) நேராகப் பிராசசர் சாக்கெட்டுக்குத்தான் போகிறது, நடுவில் ஒரு சிப்பும் கிடையாது. பி660 பார்த்துக்கொள்வது யூஎஸ்பி, சாட்டா, சில எம்.2 ஸ்லாட் மாதிரியான வேலைகளை. அது செத்துப்போனால் பிசி டெஸ்க்டாப் வரைக்கும் வராது. ஒரு சேனல் மட்டும் போய், இன்னொரு சேனலில் நீங்கள் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருக்க முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸையும் விட்டுவிடுங்கள். நெல்லை நண்பர் எர்த் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி, எல்லோரும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ரேமுக்கான 1.2 வோல்ட் போர்டிலேயே தயாராகி எல்லா ஸ்லாட்டுக்கும் சேர்ந்துதான் போகிறது. அது ஆடினால் நான்காவது ஸ்லாட்டும் சேர்ந்து ஆடியிருக்கும்.

மிச்சம் இருப்பது ஸ்லாட், ட்ராக், சாக்கெட் பின், பிராசசருக்குள் இருக்கும் கண்ட்ரோலர். முதலாவது ஸ்லாட்டிலும் ஒரு ரேமைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் ஒரே ஏ-சேனல். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் ஸ்லாட்டையும் விட்டுவிடலாம்.

அடுத்ததுதான் முக்கியம். மெம்டெஸ்டில் எரர் வந்தபோது மொபைலில் படம் எடுத்தீர்களா? எத்தனை எரர் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு எரர் வரியிலும் என்ன மதிப்பு வந்திருக்க வேண்டும், என்ன மதிப்பு வந்தது என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டும் எந்த இலக்கத்தில் வித்தியாசப்படுகின்றன என்று வரிவரியாகப் பாருங்கள். ரேமில் ஒரு செல் கெட்டிருந்தால் எரர் ஏதோ ஒரு முகவரியைச் சுற்றியே வரும், ரேமை எந்த ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் கூடவே வரும். டேட்டா லைன் தொடாமல் இருந்தால் முகவரி எங்கெங்கோ ஓடும், ஆனால் புரளும் பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மட்டும் மாறாது. ஒரு சேனலுக்கு 64 டேட்டா லைன். ஒவ்வொரு லைனுக்கும் சாக்கெட்டில் ஒரு பின். ஒரே பிட் திரும்பத் திரும்பப் புரண்டால், ஒரே ஒரு பின்தான் தகராறு செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டி-ரேம் விளக்கு எரிவதும் இதோடு பொருந்துகிறது. பவர் ஆன் செய்ததும் பயாஸ் (போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) ஒவ்வொரு லைனையும் சோதித்து நேரம் பிசகாமல் அமைக்கிறது, இதைத்தான் ட்ரெயினிங் என்கிறோம். அன்றைக்கு அந்தப் பின் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ட்ரெயினிங் தேறும், பிறகு எரர் வரும். தொடவே இல்லையென்றால் ட்ரெயினிங்கிலேயே நின்றுவிடும்.

கூலர் மாற்றிய ஒரு மாதத்துக்குள் ஆரம்பித்தது என்கிறீர்கள். இதைப் படித்ததுமே எனக்குச் சாக்கெட் மேல்தான் சந்தேகம் வந்தது. உங்கள் போர்டின் சாக்கெட்டான எல்ஜிஏ1700-இல் பிராசசர் நீள்சதுரம். சாக்கெட் பூட்டு அதை நடுவில் இரண்டு பக்கம் மட்டும் அழுத்துவதால் பிராசசர் லேசாக வளையும், அதைத் தடுக்கவே காண்டாக்ட் ஃபிரேம் என்று ஒன்று தனியாக விற்கிறார்கள். அதன் மேல் கூலர் ஸ்க்ரூவை ஒரு மூலையில் மட்டும் முழுசாக முறுக்கிவிட்டால் எதிர்ப்பக்க ஓரத்தில் பின்கள் சரியாகத் தொடாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. பழைய பேஸ்ட்டை (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசை) துடைக்கப் பிராசசரை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது, அதன் மூலை ஒரு பின்னில் இடித்திருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கூலர் ஸ்க்ரூ நான்கையும் குறுக்காக, சமமாக அரைச் சுற்று தளர்த்துங்கள். இரண்டு ரேமும் போட்டு பூட் செய்து பாருங்கள். நிலைமை மாறினால் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. மாறினாலும் மாறாவிட்டாலும் சாக்கெட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். கூலரையும் பிராசசரையும் எடுத்துவிட்டு, மொபைல் டார்ச்சை நேர் மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக அடியுங்கள். எல்லாப் பின்னின் நுனியும் வரிசையாக மின்னும். வளைந்த பின் மட்டும் மின்னாது, அந்த இடம் பல் விழுந்த மாதிரி கறுப்பாகத் தெரியும். ரேம் ஸ்லாட்டைப் பார்த்திருக்கும் பக்கத்தை ரொம்ப நிதானமாகப் பாருங்கள், மெமரிக்கான பின்கள் அங்கேதான் இருக்கின்றன. பிராசசரின் அடியிலும் பேஸ்ட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விரலை மட்டும் சாக்கெட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். துணி, பஞ்சு எதுவும் வேண்டாம்.

கோவை_கேமர்:

அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு கேலரியில் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். பழைய ரேமில் எடுத்த படத்தில் 00000000 வர வேண்டிய இடத்தில் 00000400 இருக்கிறது. புது ரேமில் எடுத்த படத்திலும் அதே 400. முகவரி ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு, வித்தியாசப்படும் இலக்கம் மட்டும் ஒன்றே. படம் எடுத்த அன்றைக்கு அதை யார் கவனித்தார்கள்!

முதலாவது ஸ்லாட்டிலும் அதே கோளாறு. கூலரைத் தளர்த்தியதும் இரண்டு ரேமோடு பூட் ஆனது, 16 ஜிபியும் காட்டியது. ஆனால் மெம்டெஸ்டில் எரர் நிற்கவில்லை. அதனால் பிராசசரை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பக்கத்தில், ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு பின் மின்னவில்லை. டார்ச்சை இன்னொரு பக்கமிருந்து அடித்தால் அது பக்கத்துப் பின்னை நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிகிறது. சாக்கெட் விளிம்பில் சாம்பல் நிறப் பேஸ்ட்டும் கொஞ்சம் இருக்கிறது. நானே ஊசியால் நிமிர்த்தலாமா?

மதுரை_போர்டு_சர்வீஸ்:

அந்த 400 ஒன்றே போதும் தம்பி, பதினாறடிமான எண்ணில் அது ஒரே ஒரு பிட்தான். இரண்டு ஜோடி ரேமிலும் ஒரே பிட் என்றால் வேறு விளக்கமே தேவையில்லை.

ஊசி வேண்டாம். அந்தப் பின் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வது, இரண்டு தடவை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும், அதற்குப் போர்டு வாங்குவதே மலிவு. மொபைல் போர்டு வேலை செய்பவர்களிடம் மைக்ரோஸ்கோப்பும் கூர்மையான ட்வீசரும் இருக்கும். நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை விட்டு அவரே எடுக்கட்டும். கொண்டுபோகும்போது சாக்கெட் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். மூடி இல்லாவிட்டால் பிராசசரை உள்ளே வைத்துப் பூட்டியே கொண்டுபோங்கள்.

வாரண்டியை நம்ப வேண்டாம். சாக்கெட் பின் வளைந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதே அதைத்தான், ஃபிசிக்கல் டேமேஜ் என்று திருப்பிவிடுவார்கள்.

கோவை_கேமர்:

வேலை முடிந்தது. காந்திபுரத்தில் மொபைல் போர்டு பார்க்கும் ஓர் அண்ணன் மைக்ரோஸ்கோப்பில் வைத்து நிமிர்த்தினார். திரையில் எனக்கும் காட்டினார். வளைந்த பின்னின் தலை பக்கத்துப் பின்னின் கழுத்தை உரசிக்கொண்டு நின்றது. 600 ரூபாய் வாங்கினார். கூலரையும் இந்த முறை குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

இரண்டு ரேமும் இரண்டு, நான்கு ஸ்லாட்டில். 2666-இல் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு எரர் இல்லை. பிறகு எக்ஸ்எம்பி ஆன் செய்து 3600 வைத்தேன். டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு ரேம் சோதனையில் எரர் வருகிறது. ஆனால் பழைய மாதிரி ஏ-சேனல், பி-சேனல் வித்தியாசம் இல்லை. இது வேறு ஏதோ போலத் தெரிகிறது.

டைமிங்_தம்பி:

நான் முதலில் சொன்னது இதுதான் ப்ரோ. பயாஸில் கியர் 1 என்று இருக்கும். எஸ்ஏ வோல்டேஜை ஏற்ற வழியில்லை, அதனால் 3200-க்கு இறக்கி, டைமிங்கை (ரேமின் தாமத எண்) சிஎல்16 வைத்துப் பாருங்கள். கேமுக்கு கியர் 2-இல் ஓடும் 3600-ஐவிட கியர் 1-இல் ஓடும் 3200 நல்லது, தாமதம் குறைவு.

கோவை_கேமர்:

3200 சிஎல்16, கியர் 1. டெஸ்ட்மெம்5 முழுசாக ஓடிவிட்டது, எரர் இல்லை. இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது. எக்ஸ்எம்பியை மட்டும் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, பின்னை மட்டும் பார்த்திருந்தாலும் முடியாது. எல்லோருக்கும் ரொம்ப நன்றி. விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

மதுரை_போர்டு_சர்வீஸ்:

வேண்டாம் தம்பி, புதிதாகவே போட்டுவிடுங்கள். இத்தனை மாதமாக ரேம் வழியாகப் போன எல்லாமே அந்தப் பிட்டைத் தாண்டித்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. எஸ்எஃப்சி ஸ்கேன் விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டும்தான் சரிபார்க்கும். உங்கள் போட்டோ, வீடியோ எல்லாம் அதன் கணக்கில் வராது. கூலர் மாற்றியதற்கு முன்னால் எடுத்த பேக்கப் ஏதாவது இருந்தால் அதன் மேல் எதையும் எழுதிவிடாதீர்கள், தனியாக வையுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்த பெரிய ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள். கேம்களை மறுபடி முழுசாக டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை, லாஞ்சரிலேயே ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கும், அதை ஓட்டினால் கெட்டுப்போனதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.