மறு: 'பார்ட்டிசிபேட்டரி பட்ஜெட்டிங்' – பங்கேற்பு என்றால் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். உள்ளாட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று அங்கே வசிக்கும் மக்களே முடிவு செய்யும் முறைதான் 'பார்ட்டிசிபேட்டரி பட்ஜெட்டிங்' (participatory budgeting). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> "பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம்" என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் இந்தப் 'பங்கேற்பு' எனக்கு உறுத்துகிறது. பங்கு, ஏற்பு என்று பிரித்துப் பார்த்தால் நல்ல சொல். செய்தித்தாள்கள் அதை என்ன பாடு படுத்தியிருக்கின்றன பாருங்கள்: "விழாவில் திரளானோர் பங்கேற்றனர்." அதாவது வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். எங்கள் பக்கத்துக் கிராம சபையில் நானும் அப்படிப் பங்கேற்றிருக்கிறேன். வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து, கையில் டீயும் மிக்சர் பொட்டலமும். வரவு செலவை ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்து முடித்தார். பின்வரிசையில் ஓர் அக்கா தெருவிளக்கைப் பற்றிக் கேட்டதும், "குறிச்சிக்கிட்டோம்மா" என்று பதில் வந்தது. சொன்னவர் கையில் பேனா இல்லை.

1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் தொடங்கியது இந்த மாதிரிப் பங்கேற்பு அல்ல. தொழிலாளர் கட்சி நகராட்சியைப் பிடித்த கையோடு நடந்த வேலை அது. நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். பகுதி மக்கள் கூடி, முதலில் சாக்கடையா, தார்ச்சாலையா, பள்ளியா என்று வரிசைப்படுத்தினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பேராளர்கள் அந்த வரிசையை வைத்துக்கொண்டு, புதிய பணிகளுக்கான பணத்தை எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள். கடைசி ஒப்புதல் நகர்மன்றத்துடையதுதான். ஆனாலும் பிரிக்கும் வேலை மக்களிடம் வந்துவிட்டது.

புணே மாநகராட்சியிலும் 2006 முதல் இதே ஆங்கிலப் பெயரில் ஒன்று நடக்கிறது. உங்கள் வார்டுக்கு என்ன வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். எதை எடுப்பது என்பது மாநகராட்சியின் முடிவு. அதை நான் 'கருத்துக் கேட்பு' என்றுதான் எழுதுவேன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பத்தையும் சேர்த்துத் தமிழாக்கிவிடுவோம்.

அப்படியென்றால் 'பிரித்தல்' சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். 'வரவுசெலவுத் திட்டம்' கணக்கப்பிள்ளையின் சொல். 'நிதிநிலை அறிக்கை' அமைச்சர் வாசிப்பது. பட்ஜெட்டுக்கு இலங்கைத் தமிழர்கள் புழங்கும் 'பாதீடு' இருக்கும்போது நமக்கென்ன குறை? பாதீடு என்றாலே பகுத்துக் கொடுப்பது. தொல்காப்பியத்தில், ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக வருகிறது: கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது. போய்வந்தவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்! (மாட்டுக்காரரைக் கேட்டார்களா என்று யாரும் கேட்காதீர்கள்.)

இனி முன்னொட்டு. 'மக்கள் பாதீடு' வேண்டாம்; எல்லாக் கட்சியும் தன் பட்ஜெட்டை 'மக்கள் பட்ஜெட்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஓர் அன்பர் பரிந்துரைத்த 'ஊர்ப் பாதீடு' என்னையும் முதலில் ஈர்த்தது. கோயில் கொடை முடிந்ததும் ஊர்க்கணக்கு வாசிப்பார்களே, மைக் செட்டுக்கு இவ்வளவா என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் மல்லுக்கு நிற்பார்களே, அதுதான் உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் தலைக்கட்டு வரி கொடுத்த ஆண்கள் மட்டும்தான். 'ஊர்' என்று சொல்லும்போதே தலித் மக்கள் வாழும் 'காலனி' வெளியே நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை இங்கே கொண்டுவரக் கூடாது.

'குடிமக்கள் பாதீடு'? இங்கே ஒரு நுட்பம். நியூயார்க்கில் 2011இல் நான்கு நகர்மன்ற வட்டங்களில் இது தொடங்கியது. அங்கே வாக்களிக்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. அந்த வட்டத்தில் வசித்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாக்கு உண்டு. எனவே குடிமக்கள் அல்ல, குடியிருப்போர்.

என் பரிந்துரை: குடியிருப்போர் பாதீடு.

நீளம்தான். அடுக்ககச் சங்க வாடை அடிக்கிறது என்பீர்கள், அதுவும் சரி. ஆனால் பேச்சுவழக்கில் "மாடியில் குடியிருக்கிறார்" என்றால் யார்? சொந்தக்காரர் அல்ல, வாடகைக்கு இருப்பவர். நம் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். திருப்பூரில் பத்து வருடம் வாடகை கொடுத்துக்கொண்டு, வாக்காளர் அட்டையைச் சொந்த ஊரிலேயே விட்டிருப்பவர் எந்தச் சபையிலும் சேர்த்தியில்லை. இங்கே பட்டியலில் இல்லை, அங்கே ஆளே இல்லை. அவரையும் உள்ளே இழுக்கும் சொல் இது.

சுருக்கிக் 'குடிப்பாதீடு' ஆக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆக்கினால் டாஸ்மாக் விற்பனைக் கணக்கு என்றுதான் படிப்பார்கள்.

விக்கிப்பீடியாவுக்கான கட்டுரை வரைவு என்னிடம் இருக்கிறது. தலைப்பு மட்டும் காலி. வரும் திங்கள் வரை காத்திருக்கிறேன். இலங்கை நண்பர்கள் 'பாதீடு' பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.