பிறந்து வளர்ந்த வீடு உங்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தருணம் எது?

நானே தொடங்குகிறேன். கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம். அதைப் பொறுமை என்றே நினைத்திருந்தேன். மனைவிதான் பிடிவாதமாக ஆலோசகரிடம் அழைத்துப் போனார். ஆலோசகர் ஒரு தாளை நீட்டி, மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போடச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ஓயாத சண்டை என்றால் நெளிகோடு, உறவு அறுந்திருந்தால் கோட்டின் நடுவே இரண்டு சிறு வெட்டு. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் நடுவே வெட்டு. அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே வெட்டு. எனக்கும் அண்ணனுக்கும்... பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"வீட்டை விட்டு வந்து பதினைந்து வருடம் ஆயிற்றே, இதெல்லாம் இப்போது எதற்கு?" என்று கேட்டேன். இப்படி உறவை அறுத்துக்கொண்டு விலகிப் போவதற்கு மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் 'உணர்வுத் துண்டிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறாராம். 1950களில் அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகளைக் குடும்பத்தோடு மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தவர். விலகிப் போனால் பிணக்கு தீராது, அடுத்த உறவில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

*

எங்கள் வீட்டில் நான்தான் தபால்காரி. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசியில்லைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்! இருவருக்குள் இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பதை 'முக்கோணம்' என்பார்கள். இதுவும் போவன் சொன்னதுதான். இன்றைக்கும் அலுவலகத்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் என் கால் தானாக அங்கே போகிறது. போன மாதம் முதல்முறையாக, "நீங்களே பேசிக்கொள்ளுங்களேன்" என்றேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை, ஏதோ திருடிவிட்டு வந்தது போல.

*

என்னை வளர்த்தது பெரியம்மா. வரைபடத்தில் அவரை எங்கே போடுவது என்று விழித்தேன். ரத்த உறவை மட்டும் பார்க்காதீர்கள், யாரைப் பார்த்துப் பேசவும் பயப்படவும் கற்றீர்களோ அவர்களும் உண்டு என்றார் ஆலோசகர். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

*

எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தோம். தங்கை வாயாடி, நான் ஊமை. எத்தனையாவது பிள்ளை என்பதையும் போவன் கணக்கில் எடுத்தார், சரி. அப்புறம் அவரவர் சுபாவம் என்று ஒன்று இல்லையா?

*

தொடங்கியவன்தான் மறுபடியும் வருகிறேன். சுபாவமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒன்று சொல்ல விட்டுப்போனது. போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தவர், "என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.