கம்பம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஓய்வுபெற்ற வயர்மேன், திருவாரூர் பக்கம்

மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன் என்ன பார்ப்பீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கரன்ட் இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்க்கிறோம். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்குகிறோம், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து மூன்று பிளேடும் விலகியதா என்று கண்ணால் பார்க்கிறோம், தப்பி வரும் கரன்ட் மண்ணுக்குள் போக எர்த் ராடு போடுகிறோம். கம்பத்தை யாரும் பார்ப்பதில்லை. ரொம்ப நாள் நானும் பார்த்ததில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, கிடைத்த பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து வேலை பார்த்தார்கள். என்னோடு ஈரோடு பக்கத்துக்காரர் ஒருவர்.

நாலாவது நாள். தென்னந்தோப்பு ஓரம் ஒரு எல்.டி. (தாழ்வழுத்த லைன்) கம்பம் நேராக நிற்கிறது. அடுத்த கம்பம் வயலில் விழுந்து, கம்பியை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மேலே போய் அந்தக் கம்பியை வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏணியைச் சாத்தி முக்கால்வாசி ஏறிவிட்டேன். பெல்ட்டைக் கம்பத்தைச் சுற்றிப் போடக் கை நீட்டும்போது, கீழே இருந்து ஈரோட்டுக்காரர், “அண்ணே, மெதுவா இறங்குங்க” என்றார். கத்தவில்லை. அந்த அடங்கிய குரலில்தான் எனக்கு உடம்பு சில்லிட்டது.

இறங்கிப் பார்த்தால், கம்பத்தின் அடியில் குவிந்திருந்த சேற்றையும் மட்டையையும் காலால் ஒதுக்கி வைத்திருக்கிறார். தரையிலிருந்து ஒரு சாண் கீழே சிமென்ட் சுற்றிலும் உடைந்து, உள்ளே இருக்கும் பென்சில் கனம்கூட இல்லாத கம்பிகள் மட்டும் துருவேறித் தெரிந்தன. ஒரு பக்கம் விழுந்த கம்பத்தின் இழுப்பு, மறுபக்கம் நல்ல லைனின் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் கொடியில் துணி தொங்குவது போல அது நின்றுகொண்டிருந்தது. நான் வெட்டப் போனதே அதைத் தாங்கியிருந்த கம்பியை.

கால் தவறினால் பெல்ட் காப்பாற்றும். கம்பமே சாய்ந்தால் அதே பெல்ட் நம்மை அதோடு சேர்த்துக் கட்டி இறக்கும். குதிக்கக்கூட முடியாது.

அன்று அதில் யாரும் ஏறவில்லை. அதற்கு முந்தின நல்ல கம்பத்துக்குத் தற்காலிகமாக ஸ்டே (சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பி) போட்டு, அங்கிருந்து கம்பியைக் கயிற்றில் கட்டி மெல்லத் தளர்த்தினோம். பாதி தளர்ந்ததுமே உடைந்த கம்பம் தோப்புக்குள் படுத்துவிட்டது. ஈரோட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

அப்புறம் ஓய்வு பெறும் வரை, எந்தக் கம்பமானாலும் அடியில் ஒரு சாண் தோண்டிப் பார்த்த பிறகே ஏணியைச் சாத்தினேன். வெடிப்பு இருக்கிறதா, துருத் தண்ணீர் வழிந்த கறை இருக்கிறதா, ஸ்டே தொய்ந்திருக்கிறதா, வாய்க்கால் வெட்டி மண்ணை அரித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஐந்து நிமிடம் போதும். முக்கியமாக, நான் எதைக் கழற்றப் போகிறேன், கழற்றினால் இந்தக் கம்பத்தை எது பிடித்துக்கொள்ளும் என்று உடன் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்வேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் விட்டுப்போனது தெரியும்.

செல் டவர் வேலை, கோவை

அண்ணே, படிக்கும்போதே கை வேர்த்துவிட்டது. டவர் கம்பம் மாதிரி சாயாது. எங்களுக்கு வந்த ஆபத்து வேறு. 40 மீட்டர் டவரில் பாதிக்கு மேல் என் கூட்டாளி ஏறிக்கொண்டிருந்தபோது, ஆன்டெனாவுக்குப் பின்னால் இருந்த மலைத்தேனீ கிளம்பிவிட்டது. இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும் என்பதை அவன் விடாமல் செய்பவன். அதனால் விழவில்லை, உடம்பில் மாட்டியிருந்த ஹார்னஸ் வாரில் தொங்கினான். ஆனால் தொங்குவதும் ஆபத்துதான். தொடை வார் இறுகி, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவனை இறக்க வேண்டிய கயிறும் கப்பியும் கீழே வேனில் பூட்டிக் கிடந்தன. சாவி அவன் பாக்கெட்டில். இன்னொருவர் ஏறிப்போய் அவன் காலைக் குறுக்குக் கம்பியில் ஊன்றவைத்துத்தான் காப்பாற்றினார். இப்போதெல்லாம் பைனாகுலரில் டவரை நாலு பக்கமும் பார்க்காமல் ஏறுவதில்லை. மீட்புக் கயிறு டவர் காலடியில், திறந்த பையில் இருக்கும்.

உதவியாளர், வேலைக்கு வந்து எட்டு மாதம்

கேட்டது நான்தான் அண்ணே. எனக்கு நடந்தது சின்னது. லைன் ஆஃப், ஏபி சுவிட்ச் திறந்திருந்தது, ஆனாலும் டெஸ்டர் கத்தியது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரை, லைனிலிருந்து பிரித்துவைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராகக் கொடுத்திருந்தார்கள்; அந்தக் கரன்ட் திரும்பி எங்கள் லைனுக்கு வந்திருக்கிறது. எங்கள் வயர்மேன், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடாமல் என்னை விடவே மாட்டார். அன்றுதான் காரணம் புரிந்தது.

ஒரு சந்தேகம். டவுனில் கம்பத்தைச் சுற்றி ரோட்டோடு காரை பூசி மூடிவிடுகிறார்கள். தோண்ட முடியவில்லையே?

ஓய்வுபெற்ற வயர்மேன்

தம்பி, மூடியிருந்தால் அடி கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கெட் வண்டி (ஆளைத் தொட்டியில் நிற்கவைத்து மேலே தூக்கும் வண்டி) கேளுங்கள். கிடைக்காவிட்டால், லைனை நிறுத்தி எர்த் போட்ட பிறகு, கழியால் கயிற்றை மேலே ஏற்றி மூன்று பக்கமும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் ஏறாதீர்கள். எட்டு மாதம்தான் ஆகிறது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.