ஏரித் தண்ணீரை ஒரு கொதி விட்டால் போதுமா?

ஏரிச்சாலை: "கொடைக்கானல் ஏரியில் பச்சைப் படலம் வந்தால் பயம் வேண்டாம். ஒரு கொதி விட்டால் மாட்டுக்கும் ஆகும், நமக்கும் ஆகும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. காயாத பச்சை பெயின்ட் ஊற்றியது மாதிரி கரையோரம் ஒதுங்குவது பெரும்பாலும் நீலப்பச்சை பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகளின் செல்லுக்குள் ஈரலைத் தாக்கும் நஞ்சு இருக்கலாம். கொதிக்க வைத்தால் செல் உடைந்து நஞ்சு தண்ணீரில் கலக்கும். அந்தச் சூட்டில் நஞ்சு அழியாது.

பூம்பாறை பூண்டு: எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே அண்ணே. தாத்தா காலத்திலிருந்து கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். காலராக் கிருமியே செத்தது, இது சாகாதா?

ஏரிச்சாலை: பாக்டீரியா சாகும், நஞ்சு போகாது. இது செத்தும் கெடுக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு ஊரில் டயாலிசிஸ் தண்ணீரில் இந்த நஞ்சு கலந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பூம்பாறை பூண்டு: அது நேராக ரத்தத்தில் ஏறியது. யாரும் குடிக்கவில்லை. கொதிக்கவும் வைக்கவில்லை! நம் குளிருக்கு அதெல்லாம் வளராது.

கேத்தி கேரட்: குளிரா? ஊட்டி ஏரிக்கு வந்து பாருங்கள். கோடப்பமந்து கால்வாயில் வரும் சாக்கடையில் பாஸ்பரஸ் இருக்கிறது, மேலே வெயில் இருக்கிறது. பாசி பிடிக்க வேறென்ன வேண்டும்? எங்கள் ஏரி 1824இல் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சலிவன் கட்டியது, உங்களுடையதற்கு மூத்தது. அதையே கெடுத்துவிட்டார்கள்.

பூம்பாறை பூண்டு: மூத்தது, சரி. நாறுவதிலும் மூத்ததுதான். போன சீசனில் எங்கள் ஏரியைக் குட்டை என்றவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

கேத்தி கேரட்: குட்டைதான். இப்போதும் சொல்வேன்.

மன்னவனூர் மச்சான்: இதே இனத்து ஸ்பைருலினாவை மாத்திரையாக விற்கிறார்களே, அது மட்டும் நல்லதா?

ஏரிச்சாலை: எல்லா வகையும் நஞ்சு செய்யாது தம்பி. ஸ்பைருலினாவைத் தொட்டியில் தனியாக வளர்க்கிறார்கள். கடலிலும் இந்த இனம் உண்டு. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனில் ஒரு பங்கு அது தருவது. இனத்தையே நான் குறை சொல்லவில்லை. ஏரியில் மிதப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதிக்க வேண்டும். அதுவரை படலம் கண்ட இடத்தில் மாட்டை இறக்காதீர்கள். கொதிக்க வைத்தும் கொடுக்காதீர்கள்.

பூம்பாறை பூண்டு: என் மாடு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏரிச்சாலை: கொதித்தால் நஞ்சு போகாது. நூறு தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

பூம்பாறை பூண்டு: நூறு தடவை சொன்னாலும் நான் கொதிக்க வைத்துத்தான் குடிப்பேன். முதலில் எங்கள் ஏரியைக் குட்டை என்றதை அந்தக் கேரட்டுக்காரரை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள்.