ஃபெயிலியரின் ‘ஃபன்டாஸ்டிக் பிளானெட்’: இந்த ஆல்பத்தை இங்கே வேறு யாராவது கேட்கிறீர்களா?

நைட்டூட்டி_சிஸ்டர்:

வணக்கம். கோவையில் ஒரு மருத்துவமனையில் ஆர்த்தோ வார்டில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ் நான். வீடு பொள்ளாச்சி. காலையில் வார்டை ஒப்படைத்துவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறினால் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நான் பாட்டு கேட்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். நான்கு மாதமாக ஒரே ஒரு ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஃபெயிலியர் என்ற குழு 1996 ஆகஸ்டில் வெளியிட்ட ‘ஃபன்டாஸ்டிக் பிளானெட்’. மொத்தம் 17 டிராக், ஏறக்குறைய 68 நிமிடம். பஸ் பொள்ளாச்சிக்குள் நுழையும்போது கடைசிப் பாட்டு முடியும்.

எனக்கு இது கிடைத்தது ஒரு தலைப்பால். ஏ பெர்ஃபெக்ட் சர்க்கிள் 2003-இல் போட்ட ‘தர்ட்டீன்த் ஸ்டெப்’ ஆல்பத்தில் ‘தி நர்ஸ் ஹூ லவ்டு மீ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. நர்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக அதைத் தொட்டுவிட்டது. பாட்டு அழகாக இருந்தது. யார் எழுதியது என்று பார்த்தால், அது அவர்களுடையதே அல்ல, ஃபெயிலியர் என்ற குழுவின் பாட்டு என்றிருந்தது. அன்றே அசலைத் தேடிப் பிடித்தேன்.

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடுகிறவன் ஒரு நோயாளி. நர்ஸுக்குத் தன் மேல் காதல் என்று உறுதியாக நம்புகிறான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவளிடம் இருக்கிறது, மருந்தறைச் சாவி உட்பட. எங்கள் வார்டில் மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி போதை தரக்கூடிய வலி மருந்துகள் இருக்கும் அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் நின்று ஆம்பூல்களை (ஊசிமருந்துக் குப்பிகளை) ஒவ்வொன்றாக எண்ணி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறும். என் முறை வரும்போது அதை யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள்வேன். நடக்கும்போது தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு பையன், ஊசி நேரம் நெருங்கும்போதெல்லாம் நான் வருவதைப் பார்த்து முகம் மலர்ந்து சிரிப்பான். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள்தான் புரிந்தது, அவன் கண் என் முகத்தில் இல்லை, கையில் இருந்த டிரேயில் இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வலி அப்படித்தான் செய்யும். அந்தச் சிரிப்பை இந்தப் பாட்டு அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. தாலாட்டு மாதிரி மெதுவாகத் தொடங்கி, நடுவில் கிட்டார் மொத்தமாக வந்து இறங்கும்போது, அந்தப் பையன் பக்கமிருந்து என்னையே பார்ப்பது போல இருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது இந்த ஒரு பாட்டுக்காக இல்லை. முதல் வாரம் போனில் ஷஃபிள் போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஆல்பத்தில் ‘செக்வே’ 1, 2, 3 என்று, ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குக் கொண்டுபோகிற, வார்த்தையில்லாத மூன்று இசைத் துண்டுகள் உண்டு. ‘செக்வே 2’ தனியாக வந்து சட்டென்று முடிந்தபோது, பாதியில் அறுந்துபோன ஃபைல் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். வரிசையாகப் போட்டுக் கேட்ட அன்றுதான் அது ஒரு வாசல் என்று தெரிந்தது. ‘செக்வே 3’ எனக்கு எப்போதும் கிணத்துக்கடவு பக்கத்தில் வரும். பஸ்ஸில் பாதிக் கூட்டம் இறங்கி, ஜன்னல் சீட் கிடைத்திருக்கும். அந்த இரண்டு நிமிட மிதப்புக்குப் பிறகு நர்ஸ் பாட்டு வரும்போது, அதை இதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை என்று தோன்றியது. அதற்கு முன்னால் 40 நிமிடம் கேட்டுவிட்டு வருகிறோம் இல்லையா? ‘சாட்டர்டே சேவியர்’, ‘ஸ்மோக்கிங் அம்ப்ரெல்லாஸ்’, ‘சொலாரிஸ்’ எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டுக்கு எடை கொடுக்கின்றன.

கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் வந்த காலத்தில் ஓடவில்லை? எனக்கு இசை பற்றிய படிப்பு எதுவும் கிடையாது. இதில் கிட்டார் முழக்கம் நிறைய இருந்தும் மனதில் தங்குவது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. அப்புறம், இந்தக் குழு இதற்குப் பிறகு என்ன ஆனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுகம்பி:

சிஸ்டர், உங்களுக்குப் பெயர் தெரியாத அந்த ‘ஏதோ ஒன்று’ பேஸ் கிட்டார், அடிச்சுருதியில் ஒலிக்கும் கிட்டார். நான் பதினோரு வருடமாக பேஸ் வாசிக்கிறேன், அதனால் எனக்கு இதில் ஒருபக்கச் சாய்வு உண்டு. ஆனாலும் ‘அனதர் ஸ்பேஸ் சாங்’ ஒன்றை மட்டும் பேஸைப் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டின் மெட்டே அங்கேதான் இருக்கிறது. பொதுவாக ராக் பாட்டில் கிட்டார் முன்னால் நிற்கும், பேஸ் அதற்கு அடித்தளம் போடும். இங்கே பேஸ் பாடுகிறது. கிட்டார் அதைச் சுற்றிப் புகை மாதிரி நகர்கிறது. ‘ஹீலியோட்ரோபிக்’ இன்னும் ஒரு படி மேலே. குழுவின் கென் ஆண்ட்ரூஸும் கிரெக் எட்வர்ட்ஸும் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரையும் பேஸையும் மாற்றிக்கொள்பவர்கள். கிட்டார்காரன் மூளையோடு பேஸைத் தொடுவதால் வரும் குணம் இது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அவர்கள் ரெக்கார்ட் செய்த விதம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் டுஜங்கா என்ற இடம். அங்கே லீட்டா ஃபோர்டுக்கு (தி ரன்அவேஸ் குழுவின் கிட்டாரிஸ்ட்) ஒரு வீடு இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து, கருவிகளையெல்லாம் உள்ளே இறக்கி, தாங்களே புரொட்யூஸ் செய்தார்கள். ஒரு பாட்டை எழுதி, பழகி, ரெக்கார்ட் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். சாதாரணமாக எல்லாப் பாட்டுக்கும் முதலில் டிரம்ஸை மொத்தமாக முடிப்பார்கள், பிறகு பேஸ், பிறகு கிட்டார் என்று போகும். அப்படிச் செய்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே டிரம் சத்தம் இருக்கும். இதில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அறை, தனி வெளிச்சம் இருப்பது போல உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

ஏன் ஓடவில்லை என்றால், ஆல்பம் தயாரான நேரத்தில் அவர்களுடைய ஸ்லாஷ் லேபிளுக்கும் (ஆல்பம் வெளியிடும் கம்பெனி) அதை விநியோகித்த வார்னருக்கும் இடையிலான ஏற்பாடு மாறிக்கொண்டிருந்தது. முடிந்த வேலை மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. வெளியே வந்தபோது அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை.

ஒரு வேண்டுகோள். பஸ்ஸில் போனோடு வந்த இயர்போனில் கேட்கிறீர்கள் என்றால், இன்ஜின் சத்தம் பேஸை விழுங்கிவிடும். ரப்பர் முனை வைத்துக் காதை அடைக்கிற வகை ஒன்று வாங்குங்கள். விலை கூடினதாக இருக்க வேண்டியதில்லை.

பழையகேசட்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்கு இந்தக் குழுவின் சிறந்த வேலை 1994-இல் வந்த ‘மேக்னிஃபைடு’தான். ஸ்டீவ் ஆல்பினி ரெக்கார்ட் செய்த முதல் ஆல்பமான ‘கம்ஃபர்ட்’ (1992) காலத்தில் இன்னும் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ‘மேக்னிஃபைடு’ ஒரே மூச்சில் ஓடும், வேண்டாத சதை கிடையாது. ‘ஃபன்டாஸ்டிக் பிளானெட்’டில் 68 நிமிடம் என்பது அதிகம். ‘பிட்டிஃபுல்’ பாதியிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது, அதன் பிறகும் நீள்கிறது. செக்வேக்களில் மூன்றாவதைத் தவிர மற்றவை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஓடாததற்கு லேபிள் மட்டும் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. 1996-இல் கிரஞ்ச் என்ற கனத்த கிட்டார் ராக் அலை வடிந்துகொண்டிருந்தது. அந்த அலையின் பெரிய குழுவான நிர்வானா முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, அடுத்த வருடம் சவுண்ட்கார்டனும் கலைந்தது. கனத்த கிட்டாரும் விண்வெளிக் கற்பனையும் சேர்ந்த ஒன்றை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே தெரியாத நேரம். ‘ஸ்டக் ஆன் யூ’ ரேடியோவில் கொஞ்சம் ஓடியது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கெல்லி ஸ்காட் டிரம்ஸ் வாசித்த முதல் ஃபெயிலியர் ஆல்பம் இது. அந்த வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். ஹெராயின் பழக்கத்தின் நிழல் இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது; அதை விண்வெளி, பலூன், கிரகம் என்று பேசியிருக்கிறார்கள். நர்ஸ் பாட்டை ஒரு நர்ஸே இப்படிக் கேட்டதாக இன்றைக்குத்தான் படிக்கிறேன். சாவி தொடையில் தட்டுகிற அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

பனிக்காலம்:

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறன், ஊர் பருத்தித்துறை. இந்த சிடியை நான் 1998-இல் ஒரு பழைய சிடிக் கடையில் எடுத்தது. அப்ப எனக்கு இருபத்து மூன்று வயது. இரவில் ஒரு பேக்கரியில் வேலை, விடிய நாலரைக்கு முடியும். பனிக்குள்ள முதல் பஸ் வரும்வரைக்கும் டிஸ்க்மேனில் (கையில் கொண்டு திரியிற சிடி பிளேயர்) இதுதான் ஓடும். குளிருக்கு பேட்டரி சீக்கிரம் இறங்கிப் போகும், அதனால் டிஸ்க்மேனை ஜாக்கெட்டுக்கு உள்ளே நெஞ்சோட வைத்திருப்பன். ஆகக் கடைசிப் பாட்டு ‘டேலைட்’ பஸ்ஸுக்குள்ள ஏறின பிறகுதான் வரும். வெளியில் மெல்ல வெளிச்சம் பிடிக்கும்.

சோகம் என்னவென்றால், நான் சிடியை வாங்கும்போது குழுவே இல்லை. 1997-இல் லொல்லாபலூசா என்ற இசைவிழாச் சுற்றுப்பயணம் போய் வந்து, அந்த வருட முடிவுக்குள் பிரிந்துவிட்டார்கள். 1998-இல் டெபேஷ் மோட் என்ற குழுவின் பாட்டுகளை மற்றவர்கள் பாடி வந்த ஒரு தொகுப்பில் ‘என்ஜாய் த சைலன்ஸ்’ பாட்டை அவர்கள் பாடி வைத்தது வெளிவந்தது. அதைக் கேட்டுவிட்டு, இனி இவ்வளவுதான் என்று நினைத்தன். ஆண்ட்ரூஸ் மற்றவர்களுடைய ஆல்பங்களுக்கு மிக்ஸிங் செய்யப் போனார். எட்வர்ட்ஸ் ஆட்டோலக்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த டிராய் வான் லீவன் ஏ பெர்ஃபெக்ட் சர்க்கிளில் வாசித்தார். நீங்கள் முதலில் கேட்ட குழுதான் அது.

பிறகு 2014 பெப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எல் ரே தியேட்டரில் திரும்ப மேடை ஏறினார்கள். 2015-இல் ‘தி ஹார்ட் இஸ் எ மான்ஸ்டர்’ என்று புது ஆல்பம். தங்கச்சி, அதன் முதல் டிராக்கின் பெயர் என்ன தெரியுமோ? ‘செக்வே 4’. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மூன்றில் விட்ட எண்ணை எடுத்து நாலில் இருந்து தொடங்கினார்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்த்தவுடன் எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. நான் காத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

தம்பி பழையகேசட் சொல்கிறதை நான் ஏற்கவில்லை. ‘பிட்டிஃபுல்’ நீளமாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸுக்காக நிற்கிறவனுக்குத் தெரியும்.

நைட்டூட்டி_சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. வந்து பார்த்தால் இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

நாலுகம்பி, நீங்கள் சொன்ன மாதிரி ரப்பர் முனை இயர்போன் காந்திபுரத்தில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். நேற்றுக் காலை ‘அனதர் ஸ்பேஸ் சாங்’ வந்தபோது பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். நான்கு மாதமாக நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததே அந்த பேஸ் வரியைத்தான்! பாடகரின் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு விஷயம், ‘டர்ட்டி ப்ளூ பலூன்ஸ்’ பாட்டில் அடியில் இவ்வளவு நடக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. பஸ் இன்ஜின்தான் அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

பழையகேசட், ‘மேக்னிஃபைடு’ இரண்டு தடவை கேட்டேன். நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சதை என்று சொல்வதுதான் எனக்கு வேண்டியதாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, அடுத்த பாட்டு உடனே வந்து மேலே விழாமல் கொஞ்சம் இடம் விட்டால் நன்றாக இருக்கும். அந்த இடத்தை செக்வேக்கள் தருகின்றன. ஹெராயின் பற்றிச் சொன்னது சரி. எனக்கு அது கேட்ட முதல் நாளே தெரிந்தது. மருந்து கேட்டுக் கெஞ்சுகிற குரல், மருந்து ஏறிய பிறகு வருகிற குரல், இரண்டையும் வார்டில் தினமும் கேட்கிறேன். இரண்டுமே இந்த ஆல்பத்தில் இருக்கின்றன, இரண்டின் மேலும் இவர்களுக்கு இரக்கம் இருக்கிறது. அதனால்தான் இவர்களை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

பனிக்காலம் அண்ணா, உங்கள் பதிலை டூட்டி ரூமில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த சிஸ்டரிடமும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இந்தக் குழு யாரென்றே தெரியாது, ஆனாலும் டிஸ்க்மேனை நெஞ்சோடு வைத்திருந்த இடத்தில் “அய்யோ பாவம்” என்றார். ‘செக்வே 4’ இருப்பது தெரிந்ததிலிருந்து கை பரபரக்கிறது. ஆனால் இன்னும் தொடவில்லை. ‘டேலைட்’ முடிந்த கையோடுதான் அதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது நிமிட நடை. வழக்கமாக ஆட்டோ பிடித்துவிடுவேன். நாளைக்கு நடக்கிறேன்.