குரல்வழிப் பேருந்து விசாரணை: ஐயம் வரும்போது அமைப்பு எப்போது திருப்பிக் கேட்க வேண்டும்?

வழித்தடம் எழுதியது:

வணக்கம். தொலைபேசியில் பேசியே பேருந்து நேரத்தைத் தெரிந்துகொள்ளும் தமிழ்ச் சேவை ஒன்றின் சோதனை வடிவத்தை நாங்கள் மூவர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். அழைப்பவர் புறப்படும் ஊர், சேரும் ஊர், நேரம் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நம்பக மதிப்பெண்ணை, அதாவது தான் கேட்டது சரி என்பதில் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணை, தருகிறது. அது 0.7-க்குக் கீழே போனால் "திருவாரூர் என்றீர்கள், சரியா?" என்று கேட்கும்படி வைத்திருக்கிறோம். இந்த எல்லையை உயர்த்தினால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கேள்வி எழுந்து, சலிப்படைந்தவர்கள் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். தாழ்த்தினால், திருவள்ளூர் கேட்டவருக்குத் திருவாரூர்ப் பேருந்தைச் சொல்லிவிடுகிறது. "ஆறு மணிக்கு" என்று ஒருவர் சொன்னால் காலையா மாலையா என்பதும் விளங்குவதில்லை. அங்கே மதிப்பெண் 0.95 வந்தாலும் அதனால் பயனில்லை. எல்லையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க முறையான வழி ஏதேனும் உண்டா?

ஒலியலை எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். ஊர்ப் பெயரில் அமைப்புக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. நேரத்தில் காது நன்றாகவே கேட்டது, ஆனால் சொன்ன சொல்லுக்கே இரண்டு பொருள் இருக்கிறது. நம்பக மதிப்பெண் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசும். ஆகவே இரண்டாவதை அந்த எல்லையிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் கால அட்டவணையே விடை தந்துவிடும். இன்றைக்கே பயணம் என்றவர் பிற்பகல் 5 மணிக்கு அழைத்து "ஆறு மணி" என்றால், காலை என்ற பொருள் தானாகவே விலகிவிடுகிறது. அந்தத் தடத்தில் காலை ஆறு மணியை ஒட்டி வண்டியே இல்லை என்றாலும் கேள்விக்கு வேலையில்லை. இரண்டு பொருளுக்கும் வண்டி இருக்கிறதென்றால், "காலை 6.10-க்கு ஒன்று, மாலை 6.30-க்கு ஒன்று" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது, கேட்டுத் தெளிவதைவிட விரைவானது. பொருள்மயக்கம் இருக்கும் இடத்திலெல்லாம் கேள்வி கேட்கத் தேவையில்லை. அந்த மயக்கம் விடையை மாற்றுகிறதா, அதுவும் ஒரே பதிலில் அடக்க முடியாத அளவுக்கு மாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் வகைக்கு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்திய "லெட்ஸ் கோ" சேவையின் வரலாற்றைப் படித்துப் பார்க்குமாறு சொல்வேன். உங்களுடையதைப் போன்ற பேருந்து விசாரணைதான். 2005 மார்ச்சிலிருந்து, விசாரணைப் பணியாளர்கள் இல்லாத இரவு நேரங்களில் உண்மையான பயணிகளின் அழைப்புகளை அது ஏற்றது. ஆய்வகத்தில் அமைதியாக உட்கார்ந்து பேசும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளுக்கும், தெரு இரைச்சலுக்கு நடுவே நின்று பேசும் பயணிக்கும் உள்ள தூரத்தை அந்தச் சேவை வெளிப்படையாகக் காட்டியது.

உறுதிசெய்வதில் இரு முறைகள் உண்டு. "திருவாரூர் என்றீர்கள், சரியா?" என்பது வெளிப்படையான முறை. "திருவாரூருக்கு எந்த நேரத்தில் புறப்பட வேண்டும்?" என்று அடுத்த கேள்விக்குள்ளேயே ஊரைப் பொதிந்து கேட்பது மறைமுகமான முறை. இது ஒரு சுற்றை மிச்சப்படுத்தும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் ஊர் தவறாக இருந்தால் அழைப்பவர் திகைத்துப் போகிறார்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதா, தவறைத் திருத்துவதா? "இல்லைங்க, திருவள்ளூர், காலையில" என்று இரண்டையும் சேர்த்தே சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்கும்படி அந்த இடத்தில் இலக்கணத்தை (அமைப்பு எதிர்பார்க்கும் பேச்சு வடிவங்களின் தொகுப்பை) விரிக்காதவர்கள் மறைமுக முறையைத் தொடாமலிருப்பதே நல்லது.

"மீண்டும் சொல்லுங்கள்" என்பதை மட்டும் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். டயான் லிட்மன், ஜூலியா ஹிர்ஷ்பர்க், மார்க் ஸ்வெர்ட்ஸ் ஆகியோர் தொடர்வண்டி விவரம் சொல்லும் ஓர் அமைப்பின் உரையாடல்களை ஆராய்ந்தபோது, திருத்திச் சொல்லும் பேச்சு மற்றப் பேச்சைவிட உரக்கவும் நீட்டியும் வருவதையும், அதைக் கணினி இன்னும் மோசமாகவே புரிந்துகொள்வதையும் கண்டார்கள். மனிதருக்கு உதவட்டும் என்று "தி-ரு-வள்-ளூர்" என்று அழுத்திச் சொல்வது, இயல்பான பேச்சில் பழகிய மென்பொருளுக்கு அந்நியமான ஒலியாகிவிடுகிறது.

நிகழ்தகவு எழுதியது:

எல்லையைக் குறித்த கேள்விக்கு என் விடை. தவறான பேருந்தைச் சொல்வதன் இழப்பு, ஒரு கூடுதல் கேள்வி தரும் சலிப்பைப்போல் எத்தனை மடங்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பத்து மடங்கு என்றால், தவறாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் போகும்போது கேட்பது இலாபம். அதாவது எல்லை 0.9. மூன்று மடங்குதான் என்றால் எல்லை ஏறத்தாழ 0.67 ஆகிறது. சேரும் ஊருக்கும் நேரத்துக்கும் ஒரே எல்லை இருக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது: நேரம் அரை மணி பிசகினால் அடுத்த வண்டி இருக்கும், ஊர் பிசகினால் பயணமே கெட்டுவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால் 0.7 என்று வந்த பதில்களில் பத்தில் ஏழு உண்மையிலேயே சரியாக இருக்க வேண்டும். மென்பொருள் தரும் எண்கள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பதிவான அழைப்புகளை எடுத்து, மதிப்பெண்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு சரி என்று கையால் சரிபாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. முதலிடத்தில் வந்த ஊரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடாதீர்கள். திருவள்ளூர் 0.45, திருவாரூர் 0.40 என்று வந்தால் இரண்டையும் கையில் வைத்திருங்கள். புறப்படும் ஊர் நாகப்பட்டினம் என்று முன்பே தெரிந்திருந்தால், அங்கிருந்து பக்கத்திலுள்ள திருவாரூருக்குச் செல்பவர்களே மிகுதி என்பதால் தட்டு மறுபக்கம் சாயும். இப்படி ஒரே ஊகத்தை நம்பாமல், எல்லா வாய்ப்புகளின் மீதும் நிகழ்தகவுகளைப் பரப்பி வைத்து ஒவ்வொரு பதிலுக்கும் அவற்றைப் புதுப்பிக்கும் முறையை ஜேசன் வில்லியம்ஸும் ஸ்டீவ் யங்கும் 2007-இல் விரிவாக வகுத்தார்கள். மேலே சொன்ன பிட்ஸ்பர்க் அழைப்புகளை வைத்தே 2013-இல் இதற்கென ஒரு பொதுப் போட்டியும் நடந்தது. முழுக் கணிதமும் மூன்று விவரம் கேட்கும் உங்கள் சேவைக்கு மிகையாகத் தோன்றலாம். மாற்று ஊர்களின் பட்டியலைத் தூக்கி எறியாமலிருந்தாலே பாதிப் பயன் கிடைத்துவிடும்.

சொல்வலை எழுதியது:

இவற்றையெல்லாம் இன்று சாட்ஜிபிடி போன்ற ஒரு பெருமொழி மாதிரியிடம் ஒப்படைத்துவிட்டால் போதாதா?

நிகழ்தகவு எழுதியது:

நேரத்தைப் போன்ற பொருள்மயக்கத்தில் அது பெரிதும் உதவும். ஊர்ப் பெயரில் அப்படியில்லை. எழுத்தாக மாறிய ஒரே ஒரு வரியைக் கொடுத்தால், அந்த வரியில் "திருவாரூர்" என்றிருக்கும்போது வேறு ஊராக இருக்கலாம் என்ற செய்தியே அதற்குப் போய்ச் சேராது. அது தயங்காமல் பதில் சொல்லும். மாற்றுச் சொற்களின் பட்டியலையும் மதிப்பெண்களையும் சேர்த்துக் கொடுங்கள். எப்போது கேட்பது என்ற முடிவையும் உங்கள் நிரலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வழித்தடம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேரத்தைத் தனியே பிரித்துவிடுகிறோம். ஒரே ஓர் ஐயம். இரண்டு ஊர்களும் நெருங்கி வரும்போது "திருவள்ளூரா, திருவாரூரா?" என்று நேரடியாகக் கேட்கலாமா?

ஒலியலை எழுதியது:

கேட்கலாம், ஆனால் விடையும் அதே இரு பெயர்களில் ஒன்றாக வரும், அமைப்பு அதே இடத்தில் மீண்டும் தடுமாறும். ஒரே ஒலிக் குழப்பம் இரண்டு முறை நேர்ந்தால் அதை இரண்டு தனிச் சான்றுகளாகக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. விடைகள் ஒலியால் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி கேள்வியை அமைக்க வேண்டும். "சென்னைப் பக்கத்துத் திருவள்ளூரா, நாகப்பட்டினம் பக்கத்துத் திருவாரூரா?" என்று கேட்டால், "சென்னைப் பக்கம்" என்ற பதிலே போதும், ஊர்ப் பெயரை மென்பொருள் மறுபடியும் தவறாகக் கேட்டாலும் கெடுதல் இல்லை. அதற்கும் தெளிவான பதில் வராவிட்டால், மூன்றாம் முறை பேசச் சொல்லாமல் 1 அல்லது 2 என்ற பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பட்டியலில் இப்படி ஒலியால் நெருங்கிய இணைகளை இப்போதே தொகுத்து, ஒவ்வோர் இணைக்கும் ஓர் அடையாளக் கேள்வியை எழுதி வைத்துவிடலாம். "திரு" என்று தொடங்குபவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். வேலை அங்கேதான் அதிகம்.