க்ரூஸ் கப்பல் வேலை: நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பயலுவ எங்க சறுக்குதாங்க?

கொக்கிரகுளம்:
வள்ளியூர்ப் பையன் ஒருத்தன், கேட்டரிங் டிப்ளமோ. ஆஃபர் லெட்டர்ல கப்பல் பேரு இருக்கு, அசிஸ்டென்ட் வெயிட்டர்னு இருக்கு, சம்பளம் டாலர்ல இருக்கு. கடைசியில ‘விசா கட்டணம் 75,000, மூணு நாளுக்குள்ள’. அந்த வரியை மட்டும் அவங்க அய்யா விரலை வச்சுத் திரும்பத் திரும்ப வாசிச்சாரு. அதான் இன்னும் கண்ணுல நிக்கு.

வேலை வாங்கித் தர ஏஜென்ட் துட்டு வாங்கவே கூடாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006, இந்தியா 2015-ல ஏத்துக்கிட்டது, அதுல தெளிவாவே இருக்கு. பாஸ்போர்ட், சிடிசி (கப்பல்காரங்களுக்கு அரசாங்கம் குடுக்க பதிவுப் புத்தகம்), மெடிக்கல் சர்டிபிகேட் செலவு நம்மது. விசா செலவு கப்பல் முதலாளியோடது. விசாவுக்குத் துட்டு கேட்டாலே எந்திரிச்சு வந்துருங்க.

பொறவு ஆர்பிஎஸ்எல் நம்பர், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்க ஏஜென்டுக்கு அரசாங்கம் குடுக்க லைசென்ஸ் நம்பர். சுவத்துல மாட்டியிருக்க ஜெராக்ஸை நம்பாம, டிஜி ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் துறை) வெப்சைட் பட்டியல்ல பேரு, முகவரி, லைசென்ஸ் நடப்புல இருக்கா இல்ல சஸ்பெண்டா, மூணையும் ஒத்துப் பாருங்க. ‘பம்பாய் கம்பெனியோட ஜங்ஷன் பிராஞ்ச் நாங்க’ன்னு சொன்னா, பம்பாய் ஆபீஸ் நம்பரைப் பட்டியல்லருந்து எடுத்துப் போன் போடுங்க. லெட்டர்ல இருக்க நம்பர்ல அவன் ஆளேதான் எடுப்பான்.

உவரிக்கரை:
பிஎஸ்டி கோர்ஸ்ல (கடல்ல விழுந்தா உயிர் பிழைக்கப் பயிற்சி) நடந்தது. கடல்லயே வளந்த பய, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு மேடையிலருந்து தலைகீழாப் பாஞ்சுட்டான். பயிற்சியாளர் விசில் ஊதி எல்லாரையும் நிப்பாட்டிட்டாரு. பயலுக்கு முகமே செத்துப்போச்சு, நீச்சல்ல அவனை அடிக்க அங்க ஆள் கிடையாது.

ஜாக்கெட்டோட குதிக்கும்போது தண்ணி அதை மேல தள்ளும், உடம்பு கீழ போகும். பிடிக்காம விட்டா ஜாக்கெட் தாடையில அடிச்சுக் கழுத்தே போயிரும். ஒரு கையால மூக்கையும் வாயையும் பொத்தணும். மத்தக் கை அதுக்கு மேல குறுக்கா வந்து ஜாக்கெட்டை அமுக்கிப் பிடிக்கணும். கீழ ஆளோ கட்டையோ கிடக்கான்னு முதல்லயே பாத்துக்கிடணும், பொறவு பார்வை நேரா. குதிக்கக் கூடாது, ஒரு எட்டு எடுத்து வைக்கணும். காலு ரெண்டும் சேந்தே இறங்கணும். கடற்கரை ஊர்ப் பிள்ளைய இதை முன்னாடியே கேட்டுட்டுப் போங்கப்பா.

டவுண்_கீழரதவீதி:
@கொக்கிரகுளம் அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா துட்டு போற வழி அது மட்டும் இல்ல. இன்டர்வியூக்கு முந்தியே எஸ்டிசிடபிள்யூங்கிற கப்பல் அடிப்படைப் பயிற்சி அஞ்சு கோர்ஸையும் (பிஎஸ்டி, தீயணைப்பு, முதலுதவி, பிஎஸ்எஸ்ஆர்ங்கிற சொந்தப் பாதுகாப்பு-சமூகப் பொறுப்பு, செக்யூரிட்டி) முடிச்சுட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்க பயலுவ இருக்காங்க. பிஎஸ்டியையும் தீயணைப்பையும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். கிச்சன், ஹோட்டல் வேலைக்கு முதல்ல பாஸ்போர்ட்டும் ஓட்டல் அனுபவமும் போதும். செலக்ட் ஆன பொறவு கோர்ஸுக்குப் போங்க.

பாஸ்போர்ட்டுன்னதும் ஞாபகம் வருது. நமக்குக் குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல ஒரு கட்டத்துல மட்டும் பேரு இருந்தா, கப்பல் ஊழியருக்கான அமெரிக்கா சி1/டி விசாவுல அது குடும்பப் பேராப் போயி, முதல் பேருக்கு ‘எஃப்என்யூ’ன்னு (முதல் பேரு தெரியலன்னு அர்த்தம்) விழும். டிக்கெட், சிடிசி, கோர்ஸ் சர்டிபிகேட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும். அப்பா பேரை விரிச்சு ரெண்டு கட்டத்தையும் நிரப்பிப் பாஸ்போர்ட்டை முதல்லயே திருத்திருங்க. பொறவு கோர்ஸுக்குப் பேரு குடுக்கும்போது பாஸ்போர்ட்ல உள்ள எழுத்தை அப்படியே பாத்து எழுதுங்க. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டைப் பாத்து எழுதினா மாட்டிக்கிடுவீங்க.

சமையக்கட்டு:
கல்யாணப் பந்தியில பழகின நல்ல கை. கமி குக் (சமையக்கட்டுல கீழ்நிலைச் சமையல்காரர்) இன்டர்வியூ. ‘இருவது லிட்டர் சூப் மிஞ்சிட்டு, என்ன செய்வ?’ன்னு கேட்டிருக்காங்க. ‘மூடி வச்சு, ஆறினதும் காலைல ஃப்ரிட்ஜ்ல வைப்பேன்’னு சொல்லிருக்கான். சொதியை நாம அப்படித்தான வைக்கோம்? அதோட முடிஞ்சது இன்டர்வியூ.

அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற கப்பல்ல யூஎஸ்பிஎச் (அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை) சோதனை உண்டு. நூத்துக்கு 86 எடுத்தாத்தான் பாஸ். அதனால சமையக்கட்டு ஆளு விரல் நுனியில வச்சிருக்க வேண்டிய கணக்கு இது: சூடு 57 டிகிரிக்கு மேல, குளிர் 5 டிகிரிக்குக் கீழ. நடுவுல உள்ளதுதான் டேஞ்சர் ஸோன். ஆற வைக்கும்போது 57-லருந்து 21-க்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரணும், 21-லருந்து 5-க்கு இன்னும் நாலு மணி நேரம். குண்டாவோட வச்சா நடுப்பாகம் ராத்திரி பூரா சூடாவே கிடக்கும், கிருமி அங்கதான் பெருகும். ஆழம் இல்லாத தட்டுல பிரிச்சு ஊத்தி, ஐஸ் தண்ணியில நிப்பாட்டிக் கிண்டணும். தெர்மாமீட்டரை நடுவுல குத்திப் பாத்து நேரத்தோட எழுதி வைக்கணும். பாத்திரம் தேய்க்க யுடிலிட்டி வேலைக்குப் போறவன்கிட்டயும் மூணு தொட்டி வரிசை கேப்பாங்க: கழுவு, அலசு, சானிடைஸ். கடைசித் தொட்டியிலருந்து எடுத்ததைத் துணி வச்சுத் துடைக்கக் கூடாது, தானாக் காயணும்.

கொக்கிரகுளம்:
@டவுண்_கீழரதவீதி கோர்ஸைத் தள்ளிப் போடுங்கன்னு மொட்டையாச் சொல்லாதீங்க தம்பி. சிடிசிக்கு அந்தக் கோர்ஸ் வேணும். செலக்ட் ஆகி ஜாயினிங் தேதி கிட்ட வந்தப்ப கோர்ஸ்ல சீட் கிடைக்காம, அந்த இடம் வேற ஆளுக்குப் போயிருக்கு. இன்டர்வியூ தேதி கிடைச்ச அன்னைக்கே எங்க சீட் இருக்குன்னு விசாரிச்சு வைங்க. தூத்துக்குடியில டிஜி ஷிப்பிங்குக்குக் கீழ வர மெர்கன்டைல் மரைன் ஆபீஸ் இருக்கு, சந்தேகத்தை நேர்ல போயே கேக்கலாம்.

உவரிக்கரை:
மெடிக்கலையும் விட்டுராதீங்க. வயித்து ஸ்கேன்ல பித்தப்பைக் கல்லு இருந்தா நிறைய கம்பெனி எடுக்க மாட்டாங்க, நடுக்கடல்ல வலி வந்தா ஆபரேஷனுக்கு வழி கிடையாது. வலி இல்லாட்டியும் ஒரு ஸ்கேன் முன்னாடியே எடுத்துப் பாத்துக்கிடுங்க, வெறும் வயித்துல. மஞ்சக் காய்ச்சல் ஊசி கேட்டா, போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும். டிக்கெட் தேதியிலருந்து பின்னால எண்ணி ஊசித் தேதியைக் குறிங்க.